எந்த நைனாவுக்கு?

என் ஈமெயில் முகவரியை யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மொட்டை டாட் தணிகாசலம், அதற்குப் பின்னால் கம்பெனிப் பெயர். இத்தனைக்கும் என் தலையில் முடி இருக்கிறது, அடர்த்தியாகவே இருக்கிறது. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் முடி இறக்குவேன், தை பிறப்பதற்குள் பழையபடி வளர்ந்துவிடும். அந்த நாலைந்து மாதத்தை வைத்து ஆயுளுக்கும் மொட்டை என்று பெயர் வைத்தது ஊர். அந்தப் பெயரை ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவதி பிரேமா.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். திட்டுவதற்காக உட்கார்ந்தேன், வேறு எங்கேயோ போய் முடியும் என்று தோன்றுகிறது.

பிரேமா ஆர்.கே.பேட்டைக்காரி. அப்பா கண்ணையன் வேர்க்கடலை போடுகிற விவசாயி. பன்னிரண்டாவதும் டைப்பிங்கும் முடித்துவிட்டு 1995-இல் எங்கள் செவ்வேள் டெக்ஸ்டைல்ஸில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். லுங்கியும் துண்டும் செய்கிற கம்பெனி. திருத்தணியில் ஆபீஸ், அம்மையார்குப்பத்தில் தறி ஷெட், பள்ளிப்பட்டில் குடோன். நான் ஆபீஸில் டெஸ்பாட்ச் கிளார்க். முதல் நாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவள், ஒன்பது மணிக்குத் திறக்கிற ஆபீஸ் வாசலில் ஏழேகாலுக்கு நின்றுகொண்டிருந்தாள். பஸ் அந்த நேரத்துக்குத்தான் என்றாள். பன்னிரண்டு வருஷமும் அதையேதான் சொன்னாள்.

முதலாளி துரைக்கண்ணு. அவரை முதலாளி என்று யாரும் கூப்பிட்டதில்லை. நைனா என்போம். தெலுங்கும் தமிழும் ஒரே அடுப்பில் வேகிற ஊர் எங்களுடையது. அப்பாவை நைனா என்போம், அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவரையும் நைனா என்போம். அந்த அப்பாவே மகனைச் செல்லமாகக் கூப்பிடும்போதும் அதே நைனாதான். வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எங்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது, பிரேமா ஒருத்தியைத் தவிர. அவளுக்கு அது தொழில் பிரச்சினை.

பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் கஜபதி, இளையவர் பூபாலன். பெரியவர் போனை எடுத்து, "நைனாவுக்குப் போடும்மா" என்பார்.

"எந்த நைனாவுக்குங்க நைனா?" என்பாள் பிரேமா.

"எவன் ஆப்டறானோ அவனுக்குப் போடு. ரெண்டும் என் நைனாதான்."

இவள் ஆபீஸ் லைனில் ஒருவரையும் ஷெட் லைனில் ஒருவரையும் தேடி, யார் அகப்படுகிறாரோ அவரைக் கோத்துவிடுவாள். சில நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அகப்பட்டு, மூன்று நைனாக்களும் ஒரே லைனில் கத்திக்கொண்டிருப்பார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது மூவருக்குமே தெரியாது. ஆனால் வேலை நடந்தது.

தொண்ணூற்றெட்டில் கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் போர்டில் ஒயரைச் சொருகிப் பிடுங்கிப் பழகிய கை என்பதால் ஒயர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பிரேமா தலையில் கட்டினோம். அவளும் சனிக்கிழமைகளில் அரக்கோணம் போய் கிளாஸில் சேர்ந்து படித்துக்கொண்டு வந்தாள். பெரியவருக்கு நைனா என்ற பெயரிலேயே ஒரு ஈமெயில் பெட்டி திறந்து கொடுத்தாள். அவர் அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. வருகிற கடிதத்தை இவள் பிரிண்ட் எடுத்து, அவர் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைப்பாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "நல்லா இருக்கோம்னு எழுதிடும்மா" என்பார். ஒரு தடவை ஹாம்பர்க்கிலிருந்து துண்டின் நீள அகலம் கேட்டு வந்த கடிதத்துக்கும் இதே பதிலைத்தான் சொன்னார்.

இரண்டாயிரம் மார்கழியில் பெரியவர் காலமானார்.

அண்ணன் தம்பி ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் பரந்தாமன் விறைப்பாக நின்று, கஜபதியைப் பார்த்து, "வணக்கம் நைனா" என்றான். பக்கத்தில் நின்ற பூபாலனைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். அவ்வளவுதான். பரந்தாமன் ஒரு பாவமும் அறியாதவன். ஆனால் பூபாலன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆறு மாதத்தில் அம்மையார்குப்பத்து ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போய், "நியூ செவ்வேள்" என்று போர்டு மாட்டிவிட்டார். அங்கே எல்லோரும் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள். நாங்கள் இங்கே கஜபதியை நைனா என்று கூப்பிட்டோம். ஊர் எங்களைப் பழசு, புதுசு என்று கூப்பிட்டது.

கஜபதி பிரேமாவை அழைத்து, "இந்தப் பக்கத்துலேருந்து ஒரு எழுத்து அந்தப் பக்கம் போவக் கூடாது" என்று கட்டளை போட்டார். அவளும் கம்ப்யூட்டரில் எல்லை கட்டினாள். அதற்கு டொமைன் என்று பெயர். உள்ளே யார் யார் இருக்கலாம் என்கிற பட்டியல் டைரக்டரி. வாக்காளர் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் சர்வர் என்பது தபாலாபீஸ். பழசுக்கு ஒரு எல்லை, ஒரு பட்டியல், ஒரு தபாலாபீஸ். புதுசுக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமே, அதை யார் கட்டுவது? பூபாலனிடம் ஆள் கிடையாது. ரகசியமாகப் பிரேமாவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மையார்குப்பம் போய் அதையும் இவளே கட்டிக் கொடுத்தாள். சுவரின் இரண்டு பக்கமும் பூசியவள் ஒருத்திதான்.

இது கஜபதிக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அவள் கிளம்பும்போது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாளைக்கு சித்தி வூட்டுக்குப் போறியா?" என்றார்.

"ஆங் நைனா."

"போறதுதான் போறே, அவன் மிஷின்ல வைரஸ் கிரஸ் வராம பாத்துட்டு வா."

அன்றைக்கே எனக்குத் தெரியும், இந்தச் சுவர் ரொம்ப நாள் நிற்காது என்று. ஆனாலும் ஆறு வருஷம் நின்றது.

இடித்தது எங்களிடம் துண்டு வாங்குகிற ஹாம்பர்க் ஜெர்மன்காரர். 2007 ஏப்ரலில் அவர் எழுதினார்: ஒரே ஊரிலிருந்து, ஒரே பெயரில், ஒரே துண்டுக்கு இரண்டு விதமாக விலை வருகிறது, நீங்கள் ஒரு கம்பெனியா இரண்டா? ஒருவர் எழுதுவதானால் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருமே எழுத வேண்டாம். இதே கடிதம் இரண்டு பேருக்கும் போயிற்று. இரண்டு பேரும் தனித்தனியாகப் பிரேமாவைக் கூப்பிட்டு, "இவரு இன்னா கோவமாவா எழுதி இருக்காரு?" என்று கேட்டார்கள். அவளும் இரண்டு பேரிடமும், "ரொம்பக் கோவமா" என்றாள். அவர் அப்படியொன்றும் கோபமாக எழுதவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

அண்ணன் தம்பி ஆறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சேர்வது என்று முடிவாயிற்று. செவ்வேள் என்ற பழைய பெயரே இருக்கட்டும் என்று பூபாலன் விட்டுக்கொடுத்தார். இரண்டு டொமைனையும் ஒன்றாக்க, இரண்டு மெயில் சர்வரையும் ஒன்றாக்க, சென்னையிலிருந்து நாகராஜன் என்று ஒரு கன்சல்டன்ட் வந்தார். நல்ல பிள்ளை, இஸ்திரி கலையாத சட்டை.

"மொதல்ல ரெண்டு டொமைனுக்கும் நடுவுல ஒரு ட்ரஸ்ட் போடணும் சார்" என்று ஆரம்பித்தார் நாகராஜன்.

எங்கள் ஊரில் ட்ரஸ்ட் என்றால் ஒன்றே ஒன்றுதான். மலைக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட, மோர்ப்பந்தல் வைக்க, காவடி மண்டபம் கட்ட, தெருவுக்கு ஒரு ட்ரஸ்ட் இருக்கிறது.

"அன்னதானத்துக்கா?" என்றார் கஜபதி.

"சேர்மன் யாரு?" என்றார் பூபாலன்.

"சேர்மன்லாம் கிடையாது சார். இது டூ வே ட்ரஸ்ட். அதாவது இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தை நம்பணும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தை நம்பணும்."

அண்ணனும் தம்பியும் விட்டத்தைப் பார்த்தார்கள். "ஒன் வே போதும்ப்பா" என்றார் கஜபதி.

"ஆங், எனக்கும் ஒன் வே போதும்" என்றார் பூபாலன். "எந்தப் பக்கம்னு மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லு."

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரேமா சிரிக்கவில்லை. ஏனென்றால் நாகராஜன் அடுத்து சொன்னது அவளைப் பற்றியது. இவ்வளவு சிரமம் எதற்கு, மொத்தத்தையும் சென்னையில் எங்கள் இடத்தில் வைத்துவிடலாம், இங்கே மெஷினும் வேண்டாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம் என்றார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்குப்படி அது சரியும்கூட.

கஜபதி யோசித்தார். பிரேமாவைப் பார்த்தார். "ஆடிக் கிருத்திகைக்கு மூணு நாளு ஆபீஸ் லீவு. அந்த மூணு நாள்ல ரெண்டையும் ஒண்ணாக்கிடு. நாலாம் நாளு ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் லெட்டர் வரணும், எவனும் என்னாண்ட வந்து மூக்கால அழக் கூடாது. நடந்தா மிஷினும் இங்கியே, நீயும் இங்கியே. இல்லாங்காட்டி சென்னைக்கு ஏத்திட வேண்டியதுதான்." பூபாலனும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் பிரேமா என்னிடம், "டிகிரி இல்லாதவளுக்கு இந்த ரூமை விட்டா எவன்ணா சர்வர் குடுப்பான்?" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி வேலைக்குப் போக முடியாமல் இருந்த சமயம். மகள் ப்ரியா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். சர்வர் இருக்கிற அந்தக் குளிர்ந்த சின்ன அறை போனால் அவர் வைத்தியம், மகள் படிப்பு இரண்டும் போச்சு.

முதல் தடங்கல் பெயரில் வந்தது. பழசிலும் புதுசிலும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் ஊரில் ஆண் பிள்ளை பிறந்தால் மலையை அண்ணாந்து பார்ப்பார்கள், பெயர் வந்துவிடும். தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை, தணிகை அரசு என்று மொத்தம் முப்பத்தொரு தணிகைகள். அதில் எம். தணிகாசலம் மட்டும் நாலு பேர். நான் ஒருவன், குடோனில் ஒருவன், டிரைவர் ஒருவன், ஷெட்டில் ஒருவன். பிரிந்திருந்தவரைக்கும் எப்படியோ ஓடியது. ஒரே பட்டியலில் ஒரு பெயர் இரண்டு தடவை வரக் கூடாதாம்.

நாகராஜன் சுலபமான வழி சொன்னார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போடுங்கள். போட்டாள். மறுநாள் டிரைவர் தணிகாசலம் வந்து, "எண்பத்தொண்ணுல சேந்தவன் நானு. எனக்கு நாலாம் நம்பரா?" என்று நியாயம் கேட்டான். குடோன் தணிகாசலம் யூனியனைக் கூட்டினான். நான் கண்ணியமானவன், கத்தவில்லை. ஆனால் எனக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

பிரேமா நம்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு நோட்டோடு ஷெட், குடோன், ஆபீஸ் மூன்றுக்கும் போனாள். ஒவ்வொரு தணிகையின் பக்கத்து ஆளிடமும் ஒரே கேள்வி: "அந்தக் கோடிலேருந்து இவரைக் கூப்பிடணும்னா இன்னான்னு கூவுவே?" வந்த பதிலை அப்படியே எழுதினாள். டிரைவர் தணிகாசலம், குடோன் தணிகாசலம், சோடாபுட்டி தணிகாசலம். என் பக்கத்து மேஜை கௌரியம்மாள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "மொட்டை" என்றாள்.

"இதெல்லாம் ஒரு ஆபீஸா?" என்று குதித்தேன்.

"அண்ணா, ஊருக்கே தெரிஞ்ச பேரு. லெட்டர் தப்பிப் போவாது" என்றாள் பிரேமா. மற்ற மூவரும் தங்கள் பெயரைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் ஜெர்மன்காரர் எனக்கு, "அன்புள்ள திரு. மொட்டை அவர்களுக்கு" என்று எழுதினார். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார். கிறிஸ்துமஸ் வாழ்த்தில்கூட.

முப்பத்தொரு தணிகைகளைச் சமாளித்துவிட்டாள். இரண்டு நைனாக்களை என்ன செய்வது?

பழசில் நைனா என்ற முகவரி கஜபதிக்கு. பெரியவர் போனதும் அவருடைய பெட்டியின் பெயரைத் துரைக்கண்ணு என்று மாற்றிவிட்டு, நைனாவைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். புதுசில் நைனா பூபாலன். ஊழியர்கள், வியாபாரிகள், சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் அந்த முகவரிக்குத்தான் எழுதிப் பழக்கம். ஒரே பட்டியலில் ஒரே நைனாதான் இருக்க முடியும்.

பூபாலன் பிரேமாவைத் தனியாகக் கூப்பிட்டார். "கம்பெனி பேரை உட்டுக் குடுத்துட்டேன். போர்டைக் கயட்டிட்டேன். நைனாவை மட்டும் உட மாட்டேன். அது அவருக்குப் போச்சுன்னா நான் அன்னைக்கே பழையபடி அம்மையார்குப்பம் போயிடுவேன், சொல்லிட்டேன்."

கஜபதியும் தனியாகக் கூப்பிட்டார். "மூத்தவன் நானு. நான் நைனா இல்லைன்னா வேற எவன் நைனா? கேக்கறதுக்கே அசிங்கமா இருக்குது."

அவள் நாகராஜனைக் கேட்டாள். நைனா ஒன்று, நைனா இரண்டு என்று போடலாமே என்றார் அவர். பிரேமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவராகவே, "வேணாம் வேணாம்" என்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த மூன்று நாளும் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. நாகராஜன் முதல் நாள் காலை வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு, போனில், "தீபாவளிக்குத் தள்ளி வெச்சுக்கலாங்க, நான் பேசறேன்" என்றார்.

"தீபாவளிக்கு நான் இங்க இருக்க மாட்டேன் சார். நீங்க போனை வெக்காம சொல்லிக்கினே இருங்க, நான் செய்றேன்" என்றாள் பிரேமா. நாலு நிமிஷம் சொன்னார். அப்புறம் லைன் போய்விட்டது. லட்சம் பேர் ஒரே ஊரில் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் எது நிற்கும்? அன்றைக்கு முழுக்க லைன் கிடைக்கவே இல்லை. அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார்.

நான் மலையில் முடி இறக்கிவிட்டு, தலையில் சந்தனத்தோடு, புளியோதரைப் பொட்டலத்தோடு பதினொரு மணிக்கு ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "பேரு பொருத்தமாத்தான் இருக்குதுண்ணா" என்றாள். எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும் அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்புறம் நான் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவள் பெயர் சொல்லச் சொல்ல, நோட்டில் டிக் அடித்தேன். வாசலில் பம்பையும் "அரோகரா"வும் காதைப் பிளந்தன. உள்ளே அவள் ஒவ்வொரு ஆளாகப் புதுசிலிருந்து பழசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆளைக் கொண்டுவந்து, அவனுடைய கடிதங்களைக் கொண்டுவந்து, பாஸ்வேர்ட் சரியா என்று பார்த்து, அடுத்த ஆள். சோடாபுட்டி தணிகாசலம் மட்டும் வர மாட்டேன் என்று அரைநாள் அடம்பிடித்தான். கடைசியில் பார்த்தால் பெயரில் ஒரு எழுத்து இவள் தப்பாக அடித்திருக்கிறாள். மூன்று நாளும் டவுன் பஸ் கிடையாது என்பதால் கௌரியம்மாள் வீட்டில் தங்கிக்கொண்டாள்.

இடையில் பட்டியலில் ஒரு பெயர் சிவப்பாக நின்றது. துரைக்கண்ணு. ஏழு வருஷமாக யாரும் உள்ளே வராத கணக்கு, நீக்கிவிடலாமா என்று மெஷின் கேட்டது.

"நீக்கிடும்மா, அதான் போயிட்டாரே" என்றேன்.

"இருக்கறப்பவும் அவரு உள்ள வந்ததில்லைண்ணா" என்று சொல்லிவிட்டு, 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

மூன்றாம் நாள் சாயந்தரம் நாலு மணிக்குக் கடைசி டிக் விழுந்தது. "நைனாவை இன்னா பண்ணே?" என்றேன்.

"போட்டுட்டேன்."

"யாருக்கு?"

"கார்த்தால தெரியும்ணா" என்று நோட்டை மூடினாள். அவளுக்குத் தைரியமும் இருந்தது, பயமும் இருந்தது. எனக்குப் பயம் மட்டும்தான்.

நாலாம் நாள் எட்டரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். நாகராஜனும் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். ஷெட்டிலிருந்தும் குடோனிலிருந்தும் போன் மேல் போன்: லெட்டர் வந்துவிட்டது, வந்துவிட்டது. நாகராஜன் மெஷினைச் சுற்றி வந்து, "தனியாவா பண்ணீங்க?" என்று நாலு தடவை கேட்டார்.

கஜபதி ஒரு அறையில், பூபாலன் எதிர் அறையில். முதல் வேலையாகக் கஜபதி ஒற்றை விரலால் "டெஸ்ட்" என்று அடித்து நைனாவுக்கு அனுப்பினார். அது அவருக்கே வந்தது. ஜெயித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். அதே நேரத்தில் எதிர் அறையில் பூபாலனும் நைனாவுக்கு ஒரு "டெஸ்ட்" அனுப்பினார். அவருக்கும் வந்தது. அவரும் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பெட்டியில் இன்னொரு "டெஸ்ட்" இருந்தது, எதிராளியிடமிருந்து.

இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. பிரேமாவின் சின்ன அறையில் நாங்கள் ஐந்து பேர் மூச்சு விட இடமில்லாமல் நின்றோம்.

"இன்னா விளையாட்டு இது?" என்றார் கஜபதி. "நைனா யாரு? ஒரே ஒரு ஆளைச் சொல்லு."

"சொல்லு பிரேமா. நான் போறதா இருக்கறதான்னு தெரியணும்" என்றார் பூபாலன்.

பிரேமா எழுந்து நின்றாள். "நான் யாருங்க நைனா, அதைச் சொல்றதுக்கு? பெரிய நைனா சொன்னதைத்தான் செஞ்சேன்."

"அவரு எப்போ சொன்னாரு? செத்து ஏழு வருஷம் ஆவுது!"

"தொண்ணூத்தஞ்சுல சொன்னாரு. நான் போர்டுல ஒக்காந்துகினு இருந்தப்போ. 'நைனாவுக்குப் போடும்மா'ன்னுவாரு. எந்த நைனாவுக்குன்னு கேப்பேன். 'எவன் ஆப்டறானோ அவனுக்குப் போடு, ரெண்டும் என் நைனாதான்'னுவாரு. அஞ்சு வருஷம், தெனைக்கும் நாலு வாட்டி. ஒரு நாளாச்சும் பெரியவனுக்குப் போடு, சின்னவனுக்குப் போடுன்னு பேர் பிரிச்சுச் சொன்னதே இல்லைங்க." கையிலிருந்த நோட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அதே மாதிரிதான் இப்பவும் போட்டிருக்கேன். நைனான்னு எழுதினா உங்க ரெண்டு பேருக்கும் போவும். அதுல ஒருத்தரை எடுன்னு சொன்னா, எனக்கு எடுக்கத் தெரியாது. நாகராஜன் சாருக்குத் தெரியும். மிஷினையும் ஏத்திக்கினு போவட்டும்."

நாகராஜன் தரையைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பூபாலன்தான் முதலில் வாயைத் திறந்தார். "திட்டும்போதுகூட அப்படித்தான் திட்டுவாரு. 'ஏன் நைனா, நீ சோறுதான் துன்றியா'ன்னுவாரு."

"உன்னை மட்டுமா?" என்றார் கஜபதி. "ரெண்டு பேரையும் நிக்க வெச்சுத்தான் திட்டுவாரு. எந்த நைனாவைத் திட்டறாருன்னே தெரியாது." சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிஷின் இங்கியே இருக்கட்டும்ப்பா" என்று நாகராஜனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிரேமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் நைனாவுக்கு லீவு லெட்டர் எழுதியவர்களுக்கெல்லாம் நல்ல காலம். ஒரு நைனா முடியாது என்பார், இன்னொரு நைனா அவரை முந்திக்கொண்டு போய்ட்டு வா என்பார். குடோன் தணிகாசலம் அந்த வருஷம் மூன்று தடவை திருப்பதி போனான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு மத்தியானம் நடந்தது. சாப்பாட்டு நேரம். பிரேமா டிபன் பாக்ஸைத் திறந்தவள், திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். "அண்ணா, இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். நைனா என்ற முகவரிக்குள் அவள் போட்டிருந்த பெயர்களைக் காட்டினாள். கஜபதி, பூபாலன். மூன்றாவதாகத் துரைக்கண்ணு.

"அவரை எதுக்கும்மா சேத்தே?"

"நைனான்னு எழுதினா அவருக்குப் போவாம எப்படிண்ணா?" என்றாள். பெரியவரின் பெட்டியைத் திறந்து காட்டினாள். காலையில் வந்த இரண்டு டெஸ்ட்டுக்கு மேலே புதிதாக இரண்டு கடிதங்கள். முதலாவது கஜபதி எழுதியது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "ஏன் நைனா சாப்டியா". அதற்கு மேலே, நாலு நிமிஷம் கழித்து வந்த பூபாலனின் பதில்: "இன்னும் இல்ல நைனா. வா போலாம்".

நான் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். இரண்டு அறையும் காலியாக இருந்தன. கார் கிளம்புகிற சத்தம் வாசலில் கேட்டது.

பிரேமா அந்த இரண்டையும் பிரிண்ட் எடுத்தாள். ஹாலில் பெரியவர் படத்துக்குக் கீழே அவருடைய பழைய மேஜை அப்படியே கிடக்கிறது. காகிதத்தை அதன்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டை எடுத்து மேலே வைத்துவிட்டு, வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.